இயக்கியும் இயக்குவோரும்

ஒரு பொருளுக்கு உடையவன் யார்? அதனை விலை கொடுத்து வாங்கியவனா, அன்றி அது பழுதுற்றபோது திறந்து நோக்கிச் செப்பனிடும் உரிமை பெற்றவனா? கலப்பையின் கொழு தேய்ந்தால் உழவன் தான் விரும்பிய கொல்லன் உலைக்கு அதனைக் கொண்டு செல்கின்றான். வண்டியின் அச்சு முறிந்தால் வண்டிக்காரன் அருகிலுள்ள தச்சனை அழைக்கின்றான். செய்தவனே வந்து திருத்தவேண்டும் என்னும் நியதி அவர்கட்கு இல்லை. ஆதலின் அவர்கள் தம் பொருளுக்கு முற்றும் உடையவரே. இக்காலத்து மாணாக்கர் ஒவ்வொருவர் கையிலும் விளங்கும் கணினியோ அத்தகையதன்று. வாங்கியவன் ஒருவன்; அதனுள்ளே நிகழ்வதை அறிந்தவன் வேறொருவன். இவ்வேற்றுமையைக் களைதற்கு இன்று எளியோர்க்கும் திறந்துள்ள வழி லினக்ஸ் என்னும் இயங்குதளம். அவ்வழியிற் புதிதாக அடியெடுத்து வைப்போர் காலில் முதற்கண் தைக்கும் முள்ளைப் பற்றியே ஈண்டுச் சில கூறப் புகுகின்றோம்.

அம்முள்ளின் பெயர் இயக்கி. ஆங்கிலத்தில் டிரைவர் என்பர். தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர்ப் பக்கத்து அன்பர்கள் இச்சொல்லைக் கேட்டவுடன் ஊர்ப்புறத்து இசக்கியை நினைத்து நகைத்தல் கூடும். இயக்கி என்பதே அப்பக்கத்து மக்கள் நாவில் இசக்கி என மருவிற்று. கணினி நூலார் கூறும் இயக்கி அச்சுறுத்துவதன்று. அஃது ஒரு மொழிபெயர்ப்பாளனை ஒப்பது. வைஃபைச் சில்லு, ஒலிப்பெட்டி, காட்சித்திரை, அச்சுப்பொறி முதலிய ஒவ்வொரு கருவியும் தனக்கென ஒரு குறிமொழி உடையது. இயங்குதளமோ தன் பொதுமொழியிற் கட்டளையிடும். அக்கட்டளையைக் கருவியின் குறிமொழியில் மாற்றியுரைத்தும், கருவி விடுக்கும் மறுமொழியைத் தளத்திற்கு உணர்த்தியும் இடைநின்று பணிசெய்யும் சிறு நிரலே இயக்கியாம். அஃது இல்லாவிடின் கருவி நல்ல நிலையில் இருப்பினும் ஊமையாகும்.

இப்பொருளைப் பற்றி இப்பொழுது எழுதுதற்குக் காரணமும் உண்டு. விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்திற்கு அதனைச் செய்தோர் அளித்துவந்த பொதுப் பேணுகை 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் முடிவுற்றது. அதன் பின்வந்த விண்டோஸ் 11, ஒரு குறித்த பாதுகாப்புச் சில்லையும் புதிய செயலியையும் வேண்டுவதாதலின், பெரும்பாலும் 2018-ஆம் ஆண்டிற்கு முன் வந்த கணினிகளை ஏற்பதில்லை. அக்கணினிகள் உழைக்கும் ஆற்றல் இழந்தனவா? இல்லை. எழுதவும் படிக்கவும் கணக்கிடவும் நிரல் கற்கவும் அவற்றுட் பல இன்னும் போதியனவே. தமிழ்நாட்டரசினர் 2011-ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தாற் பல இலட்சம் மாணவர் கணினி பெற்றனர். அவற்றுட் சில இன்றும் பல இல்லங்களில் பரண்மேலும் பெட்டியுள்ளும் உறங்குகின்றன. அண்ணன் பயன்படுத்தியதைத் தம்பிக்கும் அக்காள் பயன்படுத்தியதைத் தங்கைக்கும் ஆக்கிக்கொள்ளும் குடும்பங்கள் எம் மாணாக்கரிடையே மிகப் பல. அன்னோர்க்குப் புதிய கணினி வாங்குதல் ஒரு பருவத்து நெல் விற்ற பணத்தைக் கொடுப்பதாகும். ஆதலின் லினக்ஸ் என்பது அவர்கட்கு விளையாட்டன்று. கல்வியின் தொடர்ச்சியே அதனைப் பொறுத்ததாகும்.

நிற்க. புதிதாக லினக்ஸை நிறுவிய மாணவன் ஒருவன் முதல்நாட் காண்பது யாது? திரை ஒளிர்கின்றது, எழுத்துக்கள் தெளிவாகத் தோன்றுகின்றன, ஆயின் வைஃபை என்னும் அடையாளமே காணப்படவில்லை. அல்லது வைஃபை உண்டு, ஒலி இல்லை. அல்லது அனைத்தும் உண்டு, கல்வி உதவித்தொகை விண்ணப்பத்தை அச்சிடப் புகும்போது அச்சுப்பொறி வாளாவிருக்கின்றது. "லினக்ஸ் உதவாது" என்று அவன் அக்கணமே தீர்ப்பளித்து, நண்பனொருவனிடம் பெற்ற உரிமமற்ற விண்டோஸ் படியை நிறுவிக்கொள்கின்றான். இத்தீர்ப்பு அவசரத் தீர்ப்பு என்பதும், அதனை மாற்றுதற்குரிய பொறுப்பு அம்மாணவனைவிட அவனைச் சூழ்ந்துள்ள எம்போல்வார்க்கே மிகுதி என்பதும் எம் கருத்து.

இவ்விடர் எவ்வாறு நேர்கின்றது என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். கருவி செய்யும் நிறுவனத்தார் பலர் விண்டோஸுக்கு வேண்டிய இயக்கியைத் தாமே எழுதி விடுகின்றனர். லினக்ஸுக்கு எழுதுவார் சிலர், எழுதாதார் சிலர். எழுதாதார் தம் கருவியின் குறிமொழியையும் வெளியிடாவிடின், தொண்டர்கள் அக்கருவி எவ்வாறு நடந்துகொள்கின்றது என்பதைப் பன்னாள் கூர்ந்து நோக்கி, அதன் மொழியைத் தாமே ஊகித்து இயக்கி எழுதவேண்டியதாகின்றது. என்விடியா நிறுவனத்தின் காட்சிச் சில்லுகட்கு நூவோ என்னும் இயக்கி இவ்வாறே பிறந்தது. லினக்ஸின் முதல்வரான லினஸ் டோர்வால்ட்ஸ் 2012-ஆம் ஆண்டில் பின்லாந்திலுள்ள ஆல்டோ பல்கலைக்கழகத்துக் கூட்டமொன்றில் அந்நிறுவனத்தைக் கடுஞ்சொல்லாற் கண்டித்தது பலரும் அறிந்த செய்தி. பத்தாண்டு கழித்து, 2022-ஆம் ஆண்டு மே மாதம், அந்நிறுவனமே தன் இயக்கியின் கெர்னற் பகுதியைத் திறந்த மூலமாக வெளியிட்டது. பிழையை எடுத்துக் கூறுவாரும் பொறுமையுடன் உழைப்பாரும் இருப்பின் பெருநிறுவனமும் வழிக்கு வரும் என்பதற்கு இஃதொரு சான்று.

இன்னும் நோக்கின், கட்டற்ற மென்பொருள் இயக்கம் முழுவதற்கும் வித்தாயிருந்தது ஓர் அச்சுப்பொறி இயக்கியே என்பது வியப்பைத் தரும். அமெரிக்காவிலுள்ள எம்.ஐ.டி. என்னும் கல்விக்கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் பணியாற்றிய காலத்து, பழைய அச்சுப்பொறியிற் காகிதம் சிக்கினால் அதனைப் பயன்படுத்துவோர்க்குச் செய்தி செல்லுமாறு அதன் நிரலைத் திருத்தி வைத்திருந்தனர். 1980-ஆம் ஆண்டளவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் புதிய லேசர் அச்சுப்பொறி வந்தது. அதன் மூலநிரலோ வரவில்லை. அதனை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழகத்தாரைக் கேட்டபோது, பிறர்க்குக் கொடுப்பதில்லை என்று வாக்களித்துள்ளோம் என மறுத்தனர். தம் அறையிலுள்ள பொறியைத் தாமே திருத்த இயலாத அந்நிலை ஸ்டால்மன் உள்ளத்தை உறுத்திற்று. 1983-ஆம் ஆண்டு செப்டம்பரில் அவர் க்னூ திட்டத்தை அறிவித்ததற்கு இந்நிகழ்ச்சியும் ஒரு காரணம். 1991-ஆம் ஆண்டில் ஹெல்சிங்கி மாணவராயிருந்த டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கெர்னலை வெளியிட, இரண்டும் இணைந்து இன்றைய இயங்குதளமாயின. இன்று அக்கெர்னலின் மூலநிரலிற் பாதிக்கு மேற்பட்டது இயக்கிகளே. எனவே இயக்கி இடரைக் கண்டு லினக்ஸை விட்டு ஓடுபவன், எந்நோய்க்கு மருத்துவமனை கட்டினரோ அந்நோய் கண்டே மருத்துவமனையை விட்டு ஓடுபவனை ஒப்பான்.

"இவையெல்லாம் கேட்க இனியன, தேர்வுக்கு முதல்நாள் வைஃபை வாராதவனுக்கு வரலாறு எற்றுக்கு? பொழுதும் ஒரு பொருளன்றோ? விலையில்லை என்று பெற்ற தளம் பொழுதை விலையாகக் கொள்கின்றதே!" என வினவுவாரும் உளர். இவ்வினா நேரியதே. அதனை மறைத்தல் நன்றன்று. பொழுது செலவாகத்தான் செய்கின்றது. ஆயின் இருவகைச் செலவுகள் உள. கிணற்றில் நீர் இறைத்து ஊற்றிவிடுதல் ஒன்று. கிணற்றையே தோண்டுதல் மற்றொன்று. முறையறியாது இணையத்திற் கண்ட கட்டளைகளையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டுபவன் முன்னையான்; அவன் பொழுது வீணே. காரணம் தேடிச் செல்பவன் பின்னையான். ஒருமுறை கற்றது அவனுக்கு வாழ்நாள் முழுதும் உதவும். ஆகவே முறையை அறிதலே முதன்மையானது.

முறையாவது யாது? நோயைக் காண்க, அதன் காரணத்தைக் காண்க, அதன்பின் மருந்தைக் கருதுக என்று மருத்துவனுக்குத் திருவள்ளுவர் வகுத்த ஒழுங்கே இதற்கும் ஒழுங்கு. எம் நாட்டு உழவர் ஒருவரும் இதனை அறியாதவரல்லர். குற்றால மலையில் தோன்றும் சிற்றாறு, செண்பகாதேவியைக் கடந்து பேரருவியாய் வீழ்ந்து, தென்காசி வழியே ஓடி, அணைகளாற் கால்களிற் பிரிந்து, குளங்களை நிரப்பி, மடைகளின் வழியே வயலை அடைகின்றது. வயலில் நீர் இல்லையாயின் உழவன் வயலை நோவதில்லை. மடை திறந்துள்ளதா எனப் பார்க்கின்றான். பின்னர்க் குளத்தில் நீர் உண்டா எனவும், கால் தூர்ந்ததா எனவும், இறுதியில் மலையில் மழை உண்டா எனவும் படிப்படியாக மேற்செல்கின்றான். எப்படியில் நீர் நிற்கின்றதோ அப்படியிலேயே மண்வெட்டியைப் போடுகின்றான். கணினியிலும் செயலி, தளத்தின் பணிகள், இயக்கி, ஃபர்ம்வேர், கருவி என்னும் படிகள் உள்ளன. எப்படியில் அடைப்பு என்பதைக் காணாமல் மண்வெட்டி எடுத்தல் கூடாது.

வைஃபை இல்லாத கணினியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். முதலாவது, கருவியின் சொடுக்கியோ விசைப்பலகையிலுள்ள விமானக்குறி விசையோ அதனை அணைத்து வைத்துள்ளதா என நோக்குக. 'ஆர்.எஃப்.கில்' என்னும் கட்டளை இதனைத் தெரிவிக்கும். வியத்தகு முறையிற் பல இடர்கள் இங்கேயே முடிந்துவிடுகின்றன. இரண்டாவது, கணினி அக்கருவியைக் காண்கின்றதா என நோக்குக. எல், எஸ், பி, சி, ஐ என்னும் ஐந்தெழுத்தாலாய கட்டளை உள்ளே பொருத்திய கருவிகளையும், எல், எஸ், யு, எஸ், பி என்னும் கட்டளை யு.எஸ்.பி. வழி வந்தனவற்றையும் பட்டியலிடும். முன்னையதனோடு ஒரு சிறுகோடும், இரண்டு 'என்' எழுத்தும், ஒரு 'கே' எழுத்தும் சேர்த்துத் தட்டின், ஒவ்வொரு கருவிக்கும் நந்நான்கு குறிகளாலாய இரண்டு தொகுதி எண்ணும், அதனை இப்பொழுது இயக்கும் இயக்கியின் பெயரும் தோன்றும். அவ்வெண்ணே கருவியின் உண்மைப் பெயர். பெட்டியின்மேல் அச்சிட்ட பெயர் அன்று. ஒரே பெயருடன் விற்கப்படும் இரண்டு பெட்டிகளுள் வெவ்வேறு சில்லு இருத்தலும் உண்டு. ஆதலின் விடை தேடுவோர் பெட்டிப் பெயரைத் தேடாது அவ்வெண்ணைத் தேடுக.

பட்டியலிற் கருவியே இல்லையாயின் குற்றம் பெரும்பாலும் கம்பியிலோ பொருத்திலோ கருவியிலோ உள்ளது. மென்பொருளை மாற்றிப் பயனில்லை. சாரற்காலத்து ஈரமும் ஆண்டாண்டாய்ச் சேர்ந்த தூசியும் பழங்கணினிக்குப் பகை என்பதையும் மறவற்க. கருவி உண்டு, இயக்கியின் பெயர் இல்லை என்றால், இயக்கி வேண்டும் என்பது பொருள். இரண்டும் உண்டு, ஆயினும் வேலை செய்யவில்லை என்றால், கெர்னல் எழுதிவைக்கும் நாட்குறிப்பைப் படிக்க வேண்டும். டி, எம், இ, எஸ், ஜி என்னும் ஐந்தெழுத்துக் கட்டளை அதனைத் திறந்து காட்டும். ஃபர்ம்வேர் கோப்புக் கிடைக்கவில்லை என்று அதன்கண் ஒரு வரி இருத்தல் பெருவழக்கு. ஃபர்ம்வேர் என்பது கருவியினுள்ளே ஏற்றவேண்டிய நிரல். அதன் மூலத்தை நிறுவனத்தார் வெளியிடாமையால், டெபியன் முதலிய குழுவினர் முன்னர் அதனைத் தம் நிறுவுபொதியிற் சேர்க்காதிருந்தனர். 2022-ஆம் ஆண்டில் டெபியன் குழுவினர் வாக்கெடுத்து அந்நெறியைத் தளர்த்தி, 2023-ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெளிவந்த 12-ஆம் பதிப்பு முதல் அதனைச் சேர்த்தே வழங்குகின்றனர். ஆகவே பழைய பதிப்பால் வருந்துவோர் புதிய பதிப்பை நாடின், பாதி வருத்தம் அங்கேயே நீங்கும்.

செக்யூர் பூட் என்னும் காவல் மற்றொரு தடை. வெளியிலிருந்து பெற்றுச் சேர்த்த இயக்கி கையொப்பம் இல்லாததாயின், அக்காவல் அதனை உள்ளே விடாது. நிறுவும்போது ஒரு கடவுச்சொல்லைக் கேட்டு, மறுதொடக்கத்தில் தோன்றும் திரையில் அதனையே மீண்டும் கேட்பது இதன் பொருட்டே. அத்திரையைப் பொருள் அறியாது கடந்து சென்று, பின்னர் இயக்கி பழுது என்று கூறுவார் பலர். கெர்னலைப் புதுப்பித்தபின் முன்பு நடந்தது நடவாதாயின், தொடக்கப் பட்டியலின் மேம்பட்ட பகுதியில் முந்தைய கெர்னலைத் தேர்ந்து பார்க்கலாம். அதில் நடக்குமாயின் குற்றம் புதிய கெர்னலுக்கும் இயக்கிக்கும் இடையே என்பது தெளிவு. வைஃபை இயக்கியை இறக்க இணையம் வேண்டும், இணையத்திற்கு வைஃபை வேண்டும் என்னும் சிக்கலுக்கோ, கைப்பேசியை யு.எஸ்.பி. கம்பியாற் கணினியோடு இணைத்து அதன் இணையத்தைப் பகிர்தலே எளிய விடை.

இனிச் சில எச்சரிக்கைகள். நிறுவுமுன் யு.எஸ்.பி. குச்சியிலிருந்தே லினக்ஸைத் தொடங்கி வைஃபை, ஒலி, திரை, தொடுபலகை ஆகியவற்றைச் சோதித்தல் வேண்டும். வீட்டுக்குக் கடைக்கால் இடுமுன் மண்ணைச் சோதிப்பது போல்வது அது. கோப்புக்களை வேறிடத்திற் படியெடுத்து வையாமல் ஒன்றும் தொடங்கற்க. பொருள் தெரியாத கட்டளையைத் தலைமை அதிகாரத்துடன் தட்டற்க. சூடோ என்னும் சொல் கருவூலத் திறவுகோல் போல்வது. ஒருமுறைக்கு ஒரே மாற்றம் செய்க. செய்ததை எழுதி வைக்க. தேர்வுக்கோ விண்ணப்பத்தின் இறுதி நாளுக்கோ முந்திய இரவு இவற்றுக்கு உரிய பொழுதன்று. இன்னும், கைவிடத்தக்கதைக் கைவிடுதலும் அறிவே. சில சில்லுக்கு நல்ல இயக்கி இன்றளவும் இல்லை. அதனோடு ஒரு திங்கள் போராடுவதினும், கெர்னலிலேயே இயக்கி உள்ள சிறிய யு.எஸ்.பி. வைஃபைக் கருவியொன்றை வாங்குதல் மலிவு. அச்சுப்பொறி வாங்குவோர், இயக்கி வேண்டாது பொதுநெறியால் இயங்கும் வகையை வினவி வாங்கின், அவ்விடர் வாராமலே நீங்கும்.

இத்துணையும் தனியொருவன் செய்யத்தக்கது. ஆயினும் எம் கருத்தின் உயிர்நிலை இஃதன்று. ஒருவன் கண்ட மருந்து ஊர்க்கு உதவவேண்டும் என்பதே அது. தென்காசி விசுவநாதர் திருக்கோயிலைக் கண்டோர் அங்குள்ள கல்வெட்டொன்றின் கருத்தைக் கேட்டிருப்பர். 15-ஆம் நூற்றாண்டில் அக்கோயிலை எடுத்த பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் இக்கோயிலுக்கு ஏதேனும் குறை நேரின், அதனை நீக்கிக் காப்பவர் யாவராயினும் அவரை உலகறியப் பணிந்தேன் என்று அதன்கண் பொறித்துள்ளான். அரசன் ஒருவன், தான் எடுத்ததை இனித் தொடற்க என்று கூறவில்லை. தன் குலத்தவரே திருத்துக என்றும் கூறவில்லை. யாவராயினும் என்றான், கட்டளையிடவில்லை, பணிந்தான். இடிந்து பல்லாண்டு நின்ற அக்கோயிலின் இராசகோபுரம் பின்வந்தோரால் மீண்டும் எழுந்து, 1990-ஆம் ஆண்டிற் குடமுழுக்குக் கண்டது. ஒன்றைச் செய்தவன், அதனைப் பின்னர்த் திருத்துவோர்க்கு உரிமை அளித்து வணங்கும் இம்மனமே, க்னூ உரிமத்தின் மனம் என்பது எம் துணிபு. கல்லில் எழுதியதும் மின்னில் எழுதியதும் வேறாயினும் கருத்து ஒன்றே.

எம் மாநிலம் இவ்வழியை அறியாததன்று. 2007-ஆம் ஆண்டளவில் எல்காட் நிறுவனம் சூசே லினக்ஸை அரசு அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் புகுத்த முயன்றது. நடுவணரசின் சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு ஆக்கிய பாஸ் லினக்ஸ், விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸுடன் அருகருகே வைத்து வழங்கப்பட்டது. ஆயினும் அப்பகுதியைத் திறந்து பார்த்த மாணவர் சிலரே. தளம் தீயதென்பது இதற்குக் காரணமன்று. ஐயம் நேர்ந்தபோது, "இஃது என்ன?" என வினவுதற்கு அருகில் ஒருவரும் இல்லாமையே காரணம் என்று யாம் கருதுகின்றோம். செங்கோட்டையைக் கடந்து புளியறை வழியே மலை ஏறி ஆரியங்காவில் இறங்கினால் வேறொரு காட்சி. கேரளப் பள்ளிகளில் 2019-ஆம் ஆண்டில் இரண்டு இலட்சத்திற்கு மேற்பட்ட கணினிகள், உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு அம்மாநிலத்தார் தாமே அமைத்துக்கொண்ட லினக்ஸினால் இயங்குவனவாயின. மலை ஒன்றே, மழையும் ஒன்றே. அங்கே ஆசிரியரைப் பயிற்றினர், பாடத்தோடு இணைத்தனர். இங்கே பெட்டியை மட்டும் கொடுத்தோம். வேற்றுமை இவ்வளவே.

ஆதலின் எம் கல்லூரிக்கும் பழைய மாணவர்க்கும் மூன்று விண்ணப்பங்கள் செய்கின்றோம். முதலாவது, கணினிக் கூடத்தில் 'பழுதேடு' ஒன்று வைத்தல். எக்கணினி, எக்கருவி, அதன் எண், கெர்னற் பதிப்பு, தோன்றிய பிழைவரி எழுத்துப் பிறழாமல், செய்தது, விளைந்தது ஆகியவற்றை ஒவ்வொருவரும் தமிழில் அதன்கண் எழுதுக. இன்று ஒருவன் இரண்டு மாலை செலவிட்டுக் கண்டது, நாளை இருபதின்மர்க்கு இரண்டு நிமிட வேலையாகும். தீராதது தீரவில்லை என்றே எழுதப்படுக, அதுவும் அறிவே. கட்டற்ற மென்பொருளைப் பற்றித் தமிழில் எழுதிவரும் கணியம் இதழ் 2012-ஆம் ஆண்டு முதல் இணையத்தில் வெளிவருகின்றது. எம் ஏட்டிற் சிறந்தவற்றை அதற்கும் அனுப்பலாம்.

இரண்டாவது, திங்களுக்கு ஒருமுறை கூடும் வட்டம் ஒன்று. கவிதைச் சுவையை நான்கு பேர் கூடி நுகர்தற்கு ரசிகமணி டி. கே. சி. திருநெல்வேலியில் வட்டத்தொட்டி அமைத்தார். குற்றாலத்தில் வாழ்ந்த காலத்தும் அன்பர் அவரை நாடி வந்தனர். கவிதைக்கு அமைந்தது கணினிக்கும் அமையாதோ? சென்னையிலும் விழுப்புரத்திலும் லினக்ஸ் பயனர் குழுக்கள் உள. எம் பக்கத்தில் அன்னதொன்று வேரூன்றுதற்குக் கல்லூரியே தக்க நிலம். கணினித் துறையார் மட்டுமே அதற்கு உரியர் என எண்ணற்க. தமிழும் வரலாறும் பயிலும் மாணாக்கர் கேட்கும் வினாக்களே மறைந்து கிடக்கும் குழப்பங்களை வெளிப்படுத்துவன. மங்கையர் வருதற்கு ஏற்ற பொழுதும் இடமும் அமைத்தலும் இன்றியமையாதது.

மூன்றாவது, பழைய மாணவர்க்கு. தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் ஸோஹோ நிறுவனத்தின் பணிமனை இருத்தலால், மென்பொருள் எழுதுவோர் அருவிக்கும் வயலுக்கும் அருகிலேயே வாழ்கின்ற காலம் இது. அன்னோர்போல் அத்தொழிலில் உள்ள எம் பழைய மாணவர், ஆண்டுக்கு ஒரு நாளேனும் வந்து, வட்டத்தில் அமர்ந்து, ஒரு பழங்கணினியை மாணாக்கர் முன் திறந்து காட்டுக. கணினி நன்கொடை அளிப்போர்க்கு எம் நன்றி என்றும் உரியது. ஆயினும் கணினியோடு ஒரு மாலைப்பொழுதையும் சேர்த்து அளிப்போர்க்கு அதனினும் மிகுதியாக உரியது.

புதிதாக லினக்ஸை நாடும் தம்பி தங்கையர்க்கு ஒரு சொல். வைஃபை வாராத நாளே நுங்கள் கணினி நுமக்கு உரியதாகத் தொடங்கும் நாள். அன்றுவரை அது நும் மேசைமேல் இருந்த பிறர் பொருள். பிழைவரியைக் கண்டு கண்ணை மூடற்க, அதனைப் படிமின். புரியாதாயின் எழுதிக்கொண்டு வட்டத்திற்கு வம்மின். தீர்ந்தபின் தீர்ந்த வகையை ஏட்டில் எழுதாது செல்லற்க; நும்மை ஒத்த ஒருவர் அடுத்த ஆண்டு அவ்வரியை நாடி வருவார். அவர் பெயர் நீவிர் அறியீர், அவரும் நும்மை அறியார். ஆயினும் பழுது நீக்கியவரைப் பணிந்த பாண்டியனின் நாட்டவராகிய அவர், நுமக்கு நன்றி கூறத் தவறார்.